பீச் துப்புரவாக்கினா கொம்பனியிட பொறுப்பு முடிஞ்சுதா?

வெள்ளவத்தைப் பொடியன்:

வணக்கம். நான் வேலை செய்யுறது கொழும்பில ஒரு வெளிநாட்டுக் கொம்பனியிட கிளையில, பேர் வேண்டாம். போன சனிக்கிழமை சிஎஸ்ஆர் டே, அதாவது கொம்பனியிட சமூகப் பொறுப்பு நாள் எண்டு எங்களில நாப்பது பேரை பஸ்ஸில ஏத்தி சரக்குவ பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனவை, எல்லாருக்கும் ஒரே கலர் ரீசேர்ட், தொப்பி, பெனர், போட்டோ எடுக்க ஒரு ஆள். நான் ஒரு அரிதட்டை வாங்கி மணலை அரிச்சுப் பாத்தன். மேல கிடந்த போத்தல், பொலித்தீன் எல்லாம் ஒரு பக்கம், ஒரு சாண் தோண்டினா சவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா உருண்டைகள், சிலது மஞ்சளடிச்சு, சிலது கருகி ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போய். 2021 இல எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிட பிளாஸ்டிக், இன்னும் கிடக்கு. ஒரு உள்ளங்கை நிறைய எடுக்க அரை மணித்தியாலம் போச்சு. பக்கத்தில வலை தைச்சுக்கொண்டிருந்த ஒரு ஐயா சிங்களத்தில சொன்னார், நீங்க அள்ளிக்கொண்டு போங்க தம்பி, காத்து மாறினா திரும்ப மேல வரும் எண்டு.

அதைக் கேட்ட நேரம் தொட்டு மனசு சரியில்ல. லாபம் ஒரு நாட்டுக்குப் போகுது, சேதம் இன்னொரு நாட்டில விழுது, இதுக்கு உண்மையில ஆர் பொறுப்பு? கொம்பனிகள் சொல்லுற சமூகப் பொறுப்பு எண்டது இந்த ரீசேர்ட்டோட முடியுதா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

துறைமுகத்தான்:

நான் 18 வருசமா வார்ஃப் கிளார்க். தம்பி, நீங்க அள்ளின அந்தச் சாமானிட கதையிலயே உங்கட கேள்விக்குப் பதில் கிடக்கு. அந்தக் கப்பலில 1,486 கொன்டெய்னர், அதில 25 தொன் நைத்திரிக் அமிலம், அது ஒழுகுது எண்டு கொழும்புக்கு வர முதலே கப்பல்காரருக்குத் தெரியும், கட்டாரில ஹமாத் துறைமுகத்திலயும் இந்தியாவில ஹசீராவிலயும் இறக்கக் கேட்டவை, ரெண்டு இடமும் ஏலாது எண்டிட்டுது. அப்பிடியே இங்க வந்து மே 20 நெருப்பு, ஜூன் 2 தாழத் தொடங்கீட்டுது. கொடி சிங்கப்பூர், காப்புறுதி லண்டன், சரக்கு வேற ஆக்களின்ர. ஆமையள் செத்து ஒதுங்கினது மட்டும் எங்கட கரையில, தொழிலுக்குப் போகேலாம நிண்டது எங்கட மீனவர்.

2023 இல லண்டன் நீதிமன்றம் நட்டஈட்டை சுமார் 19 மில்லியன் பவுணோட மட்டுப்படுத்திச்சு. ஏனெண்டா கடல் சட்டத்தில அந்த எல்லையைக் கணக்குப் பண்ணுறது கப்பலிட தொன்னேஜை, அதாவது கப்பலிட அளவை வச்சு, நடந்த சேதத்தை வச்சு இல்ல. இதை நான் முதல் முதல் விளங்கிக்கொண்ட அண்டைக்கு நித்திரை வரேல்ல. 2025 ஜூலையில எங்கட உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) ஒரு பில்லியன் டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது, கட்டமாட்டம் எண்டு கொம்பனி சொல்லிட்டுது, ஏற்கெனவே சிதைவு அகற்ற, கரை துப்புரவாக்க எண்டு கனக்கச் செலவழிச்சிட்டமாம்.

முன்னாள் க்யூசி:

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துல உடுப்புத் தைக்கிற ஃபெக்டரியில ஆறு வருஷம் வேலை செஞ்சேன், சொந்த ஊர் அட்டன் பக்கம், இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கேன். எனக்கு கப்பல் தெரியாது, ஒடிட் தெரியும், அதாவது ஃபெக்டரி ஒழுங்கா நடக்குதான்னு வெளிய இருந்து வந்து சோதிக்கிறது. எங்க ஃபெக்டரியில முதலுதவிப் பெட்டி எப்பவும் பூட்டியிருக்கும், சாவி சூப்பர்வைசர்கிட்ட, ஊசி ஏறின புள்ள விரலைப் புடிச்சிக்கிட்டு அவரைத் தேடி ஓடணும். வெளிநாட்டு ஒடிட் வார அன்னிக்கு மட்டும் சாவி பெட்டியிலயே தொங்கும், டொய்லட்ல சவர்க்காரம் இருக்கும். ஒடிட் பண்றவங்க போய் அரை மணித்தியாலத்துல சாவி திரும்பப் போயிரும்.

ஆனா ஃபெக்டரிக்காரங்கள மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. ஓடர் வேலையப் பார்க்கிற மேர்ச்சண்டைசர் அக்கா ஒருத்தங்க என்கிட்ட சொன்னது, உடுப்பு வாங்குற ஒரே பையர்கிட்ட இருந்து ரெண்டு ஈமெயில் வருமாம், ஒண்ணு ஓவர்டைம் கூடாது, சம்பளம் நியாயமா இருக்கணும்னு, மத்தது ஒரு உடுப்புக்கு இன்னும் பத்து சதம் குறைங்க, ரெண்டு கிழமை முந்தி அனுப்புங்கன்னு. ரெண்டாவதுக்கு ஓம்னு சொன்னா முதலாவது எப்படி நடக்கும்? 2020 மார்ச்ல கொரோனா வந்தப்ப தைச்சு முடிச்ச ஓடரையே எத்தனையோ பிராண்ட் கன்செல் பண்ணாங்க, இங்க மட்டுமில்ல பங்களாதேஷ்லயும். பொறுப்பைப் பார்க்கணும்னா அவங்க வெப்சைட்ட விட்டுட்டு அவங்க குடுக்கிற விலையப் பாருங்க.

தெமட்டகொட நானா:

நான் கொஞ்சம் வேற மாதிரி செல்றன், கோவிக்க வாணாம். இந்தக் கொம்பனிகள் இல்லாட்டி எங்கட புள்ளைகளுக்கு வேலை எங்க ஈக்கி? 1978 ல கட்டுநாயக்க வலயம் வந்ததால எத்தன குடும்பம் வீடு கட்டினது. எல்லாப் பழியையும் வெளியால போடவும் ஏலாது, அந்தக் கப்பல் தீர்ப்புலயே எங்கட அதிகாரிகள்ட பிழையையும் கோர்ட் செல்லித்தானே ஈக்கி. இங்கிலாந்துல இருந்து 263 கொன்டெய்னர் குப்பை வந்திச்சே, ஆஸ்பத்திரிக் கழிவும் சேர்த்து, அத வரவழைச்சது இங்க உள்ள ஆக்கள்தான். ஆனா வழக்குப் போட்டு, 2022 ல கடைசிக் கொன்டெய்னர் வரைக்கும் திருப்பி அனுப்பினதும் நாங்கதான்.

முன்னாள் க்யூசி:

நானா, வேலை வேணாம்னு நான் சொல்லவே இல்ல, அந்த வேலையிலதான் என் தங்கச்சியப் படிக்க வச்சேன். ஆனா பங்களாதேஷ்ல தையல் ஃபெக்டரிகள் இருந்த ரானா பிளாசா கட்டடத்த யோசிச்சுப் பாருங்க. 2013 ஏப்ரல் 23 சுவர்ல வெடிப்பு விழுந்திருச்சு, கீழ இருந்த பேங்க்கும் கடைகளும் மூடிட்டாங்க, தைக்கிற புள்ளைங்கள மட்டும் மறுநாள் வரச் சொன்னாங்க. கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,134 உயிர் போச்சு. அதுக்கு முந்தி அந்தக் கட்டடத்துல இருந்த ஃபெக்டரிகளுக்கும் ஒடிட் நடந்துதான் இருந்திச்சு. அதுக்கப்புறம்தான் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மீறினா சட்டப்படி புடிக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் வந்திச்சு, கதவு, படி, வயரிங் எல்லாம் மாத்துனாங்க. தாங்களா விரும்பிச் செய்யுறதுக்கும் கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

துறைமுகத்தான்:

தங்கச்சி சொல்லுறது சரி. கொம்பனிகள் மனித உரிமையை மதிக்கவேணும் எண்ட ஐநாவிட வழிகாட்டல் 2011 இலயே வந்தது, கட்டாயமில்ல. பிரான்ஸ் 2017 இல சட்டமாக்கிச்சு, ஜெர்மனியில 2023 இல நடைமுறைக்கு வந்தது, சப்ளையரிட இடத்தில நடக்கிறதையும் பெரிய கொம்பனி தேடிப் பாக்கவேணும். ஐரோப்பா முழுக்க ஒண்டு 2024 இல கொண்டுவந்தவை, அடுத்த வருசமே தளர்த்தத் தொடங்கீட்டினம். அதால நானா சொன்ன மாதிரி இங்கயும் நாங்க விடாமக் கேக்கவேணும்.

வெள்ளவத்தைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா அந்தச் சாவிக் கதைக்கு. அடுத்த சிஎஸ்ஆர் டேக்கு என்ன செய்யலாம் எண்டு எச்ஆர் ஒரு படிவம் அனுப்பியிருக்கு. அதில நான் ரெண்டு கேள்விதான் எழுதியிருக்கிறன், எங்கட சப்ளையருக்கு எத்தனை நாளில காசு குடுக்கிறம், ஓடரை கன்செல் பண்ணினா நட்டத்தை ஆர் தாங்குறது. அந்த உருண்டைகளை ஒரு ஜாம் போத்தலில போட்டு வச்சிருக்கிறன், திங்கக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு போறன்.