அட்மின் பாஸ்வேர்டு இல்லாத ஆபீஸ் சிஸ்டம்: எக்செல்லையும் பிரவுசரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கங்க. கஞ்சிக்கோட்டில் ஒரு லாரி ஆபீஸில் பில் போடுகிறேன். விண்டோஸ் 10. எக்செல்லில் லோடு விவரம், பிரவுசரில் இ-வே பில் (சரக்கு ஏற்றிப்போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு). இரண்டையும் பார்த்துப் பார்த்து அடிக்கணும். ஆனால் எக்செல் திறந்ததும் திரை முழுக்க அடைத்துக்கொள்கிறது. அந்தப் பில்லில் வண்டி விவரம் போடும் பார்ட் பி-யில் வண்டி நம்பர் ஒரு எழுத்து மாறினாலும், வாளையார் எல்லை தாண்டி ஜிஎஸ்டி சோதனை ஸ்குவாடு நிறுத்தினால் டிரைவர்தான் வெயிலில் நிற்கணும். விண்டோக்களை அடுக்க உதவும் பவர்டாய்ஸ் சாஃப்ட்வேரைப் போடப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. பென்டிரைவும் பூட்டு.

இன்னொன்று: இரண்டாவது மானிட்டரைக் கழற்றியதிலிருந்து அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் காணோம்.

வேலந்தாவளம்:
காணாமல் போனதை முதலில் பிடிப்போம். டாஸ்க்பாரில் அதைக் கிளிக் பண்ணி, ஆல்ட்டையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்துங்க, அப்புறம் எம் எழுத்து. அம்புக்குறி கீ ஒன்றைத் தட்டினால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும்; வேண்டிய இடத்தில் கிளிக் பண்ணி விடுங்க. எம் கேட்கவில்லையா? விண்டோ மாக்ஸிமைஸில் (முழுத்திரையில்) இருக்கும். ஆல்ட்-ஸ்பேஸ் அழுத்தி ஆர் தட்டிவிட்டு மறுபடி பாருங்க.

எக்செல்லுக்கு விண்டோஸ் கீயும் இடது அம்புக்குறியும். வலப்பக்கம் மற்ற விண்டோக்கள் சின்னதாக வரும், பிரவுசரைத் தொடுங்க. நடுக்கோட்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே அகலம் மாறும். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கவுன்ட்ஸ் வந்துவிட்டதுங்க, ரொம்ப நன்றி! எக்செல்லும் பாதியில் நின்றது. ஆனால் மூடித் திறந்தால் பழையபடி முழுத்திரை.

மீனாட்சிபுரம்:
அண்ணா, அம்புக்குறியால் ஒட்டவைத்த அளவை விண்டோஸ் அந்த விண்டோவின் சொந்த அளவாக எடுத்துக்கொள்ளாது. அதற்கு முந்தைய அளவுதான் நினைவில் இருக்கும். அதனால் மாக்ஸிமைஸை எடுத்துவிட்டு, ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்துப் பாதித்திரைக்குக் கொண்டுவாங்க. மற்ற எக்செல் ஃபைல்களை முதலில் மூடி, இதைக் கடைசியாக மூடுங்க. ஷார்ட்கட் வழியாகத் திறக்கிறீர்கள் என்றால் அதன் பிராப்பர்ட்டீஸில் 'ரன்' என்ற இடத்தையும் பாருங்க. மாக்ஸிமைஸ்டு என்றிருந்தால் நார்மல் விண்டோவாக மாற்றணும்.

விண்டோவைத் தானாக நகர்த்த ஸ்கிரிப்ட் எழுதும் ஆட்டோஹாட்கீ சாஃப்ட்வேரை மெயிலில் அனுப்பி ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஐடி ஆட்கள் பூட்டிய சிஸ்டத்தில் அதைச் செய்யாதீங்க, வேலைக்கே வம்பு. பவர்டாய்ஸ் கட்டாயம் வேணும் என்றால் மேனேஜர் மூலமாக அவர்களிடமே எழுதிக் கேளுங்க. மைக்ரோசாஃப்ட் தானே தருகிற சாஃப்ட்வேர் என்பதையும் அதில் சேருங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இழுத்து வைத்து மூடினேன், திறந்ததும் அதே இடத்தில் நிற்கிறது தம்பி. ஐடிக்கும் மெயில் போட்டாச்சு.