குறி தானாக நகர்கிறது, ஸ்ப்ரே நிற்கவில்லை. நல்ல சென்சி இருந்தால் கொடுங்கள்

பாம்பன் புயல்
அண்ணன்மார்களே, அவசரம். பிஜிஎம்ஐ மொபைல் கேமில் எம்416 துப்பாக்கி எடுத்தால் ஸ்ப்ரே, அதாவது தொடர்ந்து சுடுவது, ஒரே இடத்தில் நிற்கவே இல்லை, பெரிதாக்காத ரெட் டாட் ஸ்கோப்பிலேயே இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, சுடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் குறி மெல்ல நகர்கிறது. யூடியூபில் ஒருவர் கொடுத்த சென்சி கோட் (அசைவுக்குக் குறி எவ்வளவு நகர வேண்டும் என்கிற சென்சிட்டிவிட்டி அமைப்பு) போட்டேன், அதற்கு முன்னால் வேறொருவருடையது. இரண்டிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பையன்களோடு ஸ்க்வாட் மேட்ச் இருக்கிறது. யாராவது நம்பர் கொடுங்கள்.

தொண்டி நாலுவிரல்
என்ன போன்? கைரோ, அதாவது போனைச் சாய்த்துக் குறியை நகர்த்துவது, எப்போதும் ஆனா, ஸ்கோப்பில் மட்டுமா, இல்லை ஆஃபா? எத்தனை எஃப்பிஎஸ், நொடிக்கு எத்தனை பிரேம்? இது எதுவும் சொல்லாமல் நம்பர் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும் தம்பி.

ஏர்வாடி ஸ்னைப்பர்
போன் கவரில் காந்தம் இருக்கிறதா பார். மூடித் திறக்கிற கவர்கள் பலவற்றில் காந்தம் இருக்கும். என் தம்பிக்கு இதே பிரச்சினை, கவரைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய கை
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது. தேடிப் பார்க்கிற பழக்கம் இப்போது வருகிறவர்களுக்குக் கிடையாது. சரி, கடைசியாகச் சொல்கிறேன், கவனமாகப் படி. சென்சிட்டிவிட்டியில் நாலு பகுதி இருக்கிறது. கேமரா என்பது சுடாமல் விரலால் இழுக்கும்போது, ஏடிஎஸ் என்பது சுட்டுக்கொண்டே இழுக்கும்போது. கைரோ என்பது போனைச் சாய்க்கும்போது, ஏடிஎஸ் கைரோ என்பது சுட்டுக்கொண்டே சாய்க்கும்போது. சுடாமலே குறி நகர்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் ஏடிஎஸ்ஸில் கை வைத்து ஒரு பயனும் இல்லை. முதலில் நாலும் என்னவென்று தெரிந்துகொள், அப்புறம் மேட்ச் ஆடலாம். இன்னொருவர் கோட் அவர் கைக்கும் அவர் போனுக்கும் போட்டது.

கீழக்கரை காக்கா
தம்பி, சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுகிறாயா? மட்டமான சார்ஜரில் மின்சார இரைச்சல் வரும், அது தொடுதிரையைக் குழப்பிவிடும். நாம் தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டும், குறி தானாக ஓடும். இன்னொன்று, நம் கரையில் கண்ணாடி மேல் உப்புப் படலம் படிகிறது, அதோடு கை வியர்வையும் சேர்ந்தால் விரல் வழுக்காமல் ஒட்டி ஒட்டி நகரும். மேட்சுக்கு முன்னால் லேசாக ஈரம் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை துடை. விரல் உறை கிடைத்தால் வாங்கிக்கொள், விலை ஒன்றும் பெரிதில்லை.

தொண்டி நாலுவிரல்
ஏர்வாடி அண்ணே, காந்தத்துக்கும் கைரோவுக்கும் சம்பந்தம் இல்லை. காந்தம் திசைகாட்டி சென்சாரைத்தான் கெடுக்கும். கைரோ சுழற்சியை அளக்கிற சில்லு, உள்ளே நுண்ணியதாக அதிர்ந்துகொண்டிருக்கிற ஒரு பொறி. அதற்குக் காந்தம் தெரியாது.

ஏர்வாடி ஸ்னைப்பர்
உனக்குத் தெரிந்தது பாதி. விலை குறைந்த போன்கள் சிலவற்றில் கைரோ சில்லே கிடையாது. முடுக்கமானியையும் திசைகாட்டியையும் வைத்துக் கணக்குப் போட்டு கைரோ மாதிரி காட்டுவார்கள். அந்த போனில் காந்தம் பட்டால் குறி ஓடத்தான் செய்யும். என் தம்பி போன் அந்த வகை.

தொண்டி நாலுவிரல்
அந்த வகை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எல்லாப் போனுக்கும் சேர்த்துச் சொன்னதால்தான் மறுத்தேன்.

பாம்பன் புயல்
15,000 ரூபாய் போன், 6 ஜிபி ராம். கைரோ எப்போதும் ஆன், 400இல் இருக்கிறது. கிராபிக்ஸ் ஸ்மூத், பிரேம் ரேட் எக்ஸ்ட்ரீம். சார்ஜ் போட்டு ஆடுவதில்லை. கவர் சாதாரண ரப்பர், காந்தம் இல்லை. பகலில் வீட்டில் ஆடும்போது இவ்வளவு மோசம் இல்லை, இரவில்தான்.

பழைய கை
400 என்பதுதான் உச்சம், அதைக் கேட்டதும் புரிகிறது. 300க்கு இறக்கு. நான் 2020 செப்டம்பரில் பப்ஜி தடையாவதற்கு முன்பிருந்தே இரண்டு கட்டைவிரலில் ஆடுகிறேன், கைரோவைத் தொட்டதே இல்லை, எம்416ஐ நேர்க்கோட்டில் நிறுத்துவேன். போனை ஆட்டி ஆட்டிச் சுடுவதற்குப் பெயர் ஆட்டம் இல்லை. விரலில் திறமை வராதவர்களுக்குத்தான் கைரோ.

தொண்டி நாலுவிரல்
இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரலால் கீழே இழுத்தால் திரையின் விளிம்புக்கு விரல் வந்துவிடும், எடுத்து மறுபடி வைக்க வேண்டும். பெரில் துப்பாக்கியில் 40 குண்டும் தீர்வதற்குள் அப்படி எடுத்து வைத்தால் எதிரி மேல் ஒன்றும் படாது. கைரோவில் மணிக்கட்டை லேசாகச் சாய்த்தால் போதும், கட்டைவிரல் ஓடுவதற்கும் குனிவதற்கும் மிச்சம் இருக்கும். கைரோவும் பழகிப் பழகி வருகிற திறமைதான்.

பழைய கை
நானும் 40 குண்டு தீர்த்திருக்கிறேன். துப்பாக்கியின் துள்ளலைக் குறைக்கிற காம்பென்சேட்டர், வெர்ட்டிகல் கிரிப் போட்டு, இழுக்கிற வேகத்தைப் பழகினால் விரல் விளிம்புக்கு வராது.

கீழக்கரை காக்கா
இரண்டு பேரும் நிறுத்துங்கள். பையன் இரவில் மட்டும் மோசம் என்கிறான், அதை யாரும் பார்க்கவில்லை. போன் சூடாவதுதான் காரணம் என்றால் பகலில்தானே அதிகம் நகர வேண்டும்?

சிப்பி
தம்பி, இரவில் எங்கே உட்கார்ந்து ஆடுகிறாய்?

பாம்பன் புயல்
போட்டில் அக்கா. மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, அப்பாவின் போட் தெற்குவாடியில் கட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் வராது. போட்டில் நன்றாக வரும், காற்றும் வரும். பையன்கள் எல்லாரும் அங்கேதான் ஆடுகிறோம்.

சிப்பி
அப்போது அதுதான் காரணம். கைரோவுக்கு நீ போனைத் திருப்புகிறாயா, போட் திருப்புகிறதா என்று தெரியாது. சுழற்சி வந்தால் அளந்து சொல்லிவிடும், கேம் குறியை நகர்த்திவிடும். கயிற்றில் கட்டிய போட், கச்சான் காற்று அடிக்கும்போது அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, இழுத்துக்கொண்டு மெல்லத் திரும்பும். இடது பக்கம் இழுப்பது அதனால் இருக்கும். அலையில் போட் சாய்ந்து எழுந்தால் குறி மேலும் கீழும் போகும். நீ அதிலேயே உட்கார்ந்திருப்பதால் உடம்புக்கு அது ஆட்டமாகவே தெரியாது. கைரோவோ 400இல் இருக்கிறது, சின்ன அசைவையும் பெரிதாக்கும்.

கேமில் இருக்கிற ட்ரெய்னிங் கிரவுண்டுக்குப் போய் ஒரு சுவரைப் பார்த்து நில், போனைப் போட்டின் பலகையில் வைத்துவிட்டுக் கையை எடு. அப்புறம் கரையில் ஒரு திண்ணையில் அதேபோல வை. போட்டில் நகர்ந்து கரையில் நின்றால் போனில் குறை இல்லை. கரையிலும் ஒரே பக்கமாக நகர்ந்தால் சென்சார் பூஜ்யம் தள்ளிப் போயிருக்கிறது, அதாவது அசையாதபோதும் அசைவதாகக் காட்டுகிறது. போன் சூடேறினாலும் அப்படித் தள்ளும், ஆறவிட்டு மறுபடி பார்.

ஏர்வாடி ஸ்னைப்பர்
சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. போட் என்று அவன் சொல்லவே இல்லையே.

பழைய கை
போட்டில் ஆட வேண்டுமென்றால் கைரோவை முழுதும் ஆஃப் செய். ஸ்கோப்பில் மட்டும் என்று வைத்தாலும் ஸ்கோப் எடுத்த நிமிடம் அதே தொல்லை வரும். கரையில் ஆடினால் இப்படிச் செய்: கைரோ, ஏடிஎஸ் கைரோ இரண்டிலும் ரெட் டாட்டை 300இல் வை. சுவரில் ஒரே புள்ளியைப் பார்த்து ஒரு மேகசின் முழுதும் சுடு. குண்டுத் துளைகள் மேலே ஏறினால் ஏடிஎஸ் கைரோவைப் பத்துப் பத்தாகக் கூட்டு, கீழே இறங்கினால் குறை. ரெட் டாட் சரியானதும் 3எக்ஸ் ஸ்கோப், அதற்கப்புறம் 6எக்ஸ் ஸ்கோப். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே, எது உதவியது என்று தெரியாமல் போகும். தானாகக் கிராபிக்ஸ் மாற்றும் அமைப்பையும் ஆஃப் செய். நடு மேட்சில் அமைப்பு மாறினால் பழகிய கை தடுமாறும்.

பாம்பன் புயல்
கரையில் வைத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. போட்டில் வைத்தால் ஓடுகிறது. ஞாயிறு ஜெட்டியில் உட்கார்ந்து ஆடுகிறோம், அங்கேயும் சிக்னல் வருகிறது. நன்றி அக்கா, நன்றி அண்ணே.

தொண்டி நாலுவிரல்
ஞாயிறு என்ன ஆயிற்று என்று வந்து சொல் தம்பி.

தேவிபட்டினம் 11
ராமநாதபுரம் பஸ்ஸில் போகும்போது வளைவு வந்தால் எனக்கும் குறி ஓடுகிறது. அதுவும் இதுதானா?

சிப்பி
ஆமாம், பஸ் திரும்புவதையும் கைரோ அளக்கும். பஸ்ஸில் ஆஃப் செய்துவிட்டு விரலிலேயே ஆடுங்கள்.

பழைய கை
விரல்தான் எப்போதும்.

தொண்டி நாலுவிரல்
பஸ்ஸில் மட்டும், அண்ணே.