மறு: மறு: மின்னஞ்சல் நீளக் கட்டுப்பாடு – ‘கேரக்டர் லிமிட்’ தமிழில்?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:
வணக்கம். கட்டற்ற மின்னஞ்சல் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். மடல் 500 கேரக்டரைத் தாண்டினால் அனுப்ப மறுக்கும் வசதி அதில் உண்டு. 2011இல் ஷார்ட்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை செய்த அதே வேலை. ‘எழுத்து வரம்பு’ என்று போட்டிருக்கிறேன். நாளை இரவு ஒப்படைக்க வேண்டும். மறுப்பு உண்டா?

பாலிடெக்னிக் ஆசிரியை எழுதியது:
உண்டு. ‘தமிழ்’ மூன்றெழுத்து என்று சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கும் தெரியும். கணினி ஐந்து என்கிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. “எண்ணத் தெரியாததா, மேடம்?” என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். எழுத்து என்று சொல்லிவிட்டு வேறொன்றை எண்ணுவது ஏமாற்று. கணினி எண்ணும் குறி ஒவ்வொன்றும் வரியுரு. ‘வரியுரு வரம்பு’ என்று போடுங்கள்.

தமிழ்ப் புலவர் எழுதியது:
அம்மா சொல்வது சரி. நோய் இன்னும் ஆழமானது. மெய்யின் மேல் அகரம் ஏறினால் உயிர்மெய் என்று படித்தோம். ஒருங்குறி (யூனிகோட்) என்னும் கணினிக் குறியீட்டு முறையிலோ ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால்தான் மெய்யே பிறக்கிறது. அரை மாத்திரை ஒலிக்கும் ‘க்’ இரண்டு இடம் பிடிக்கிறது, ஒரு மாத்திரை ‘க’வுக்கு ஒன்றே போதும்! மேலும், வரம்பு என்பது வயல் வரப்பு. அது நீரைத் தேக்கி நெல்லை வளர்ப்பது. மடலை வெட்டுவதற்கு அந்தச் சொல்லா? ‘எல்லை’ பழஞ்சொல். சங்கப் பாட்டில் பகலுக்கும் ஞாயிற்றுக்கும் அதுவே பெயர். எல் என்றால் ஒளி. ‘எழுத்தெல்லை’ என்க.

குழு உறுப்பினர் ஒருவர் எழுதியது:
ஐயா, மடலுக்குள் ஞாயிறு எதற்கு? ‘எழுத்தெல்லை’யை என் அப்பாவின் கைப்பேசியில் காட்டினேன். “எழுத்தில்லையா?” என்றார். அத்தோடு விட்டேன்.
சொல்லை விடுங்கள், அந்த வசதியே தமிழுக்கு எதற்கு? குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், நமக்கு 70. அந்த நெருக்கடியாலும்தான் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகினோம். 500ம் அதே வழிதான்.

தமிழ்ப் புலவர் எழுதியது:
எழுபதே அதிகம். முதற்குறளை எண்ணிப் பார்த்தேன். 26 எழுத்து, கணினிக் கணக்கில் 39, இடைவெளிகளோடு 45. மீதி 25 இடத்தில் உரையும் எழுதலாம். சுருங்கச் சொல்லல் அழகு என்றவர்கள் நாம்.

ஆசிரியை எழுதியது:
குறள் எழுதுபவருக்குச் சரி, ஐயா. விடுப்புக் கடிதம் எழுதும் மாணவனுக்கு? 500ஐத் தாண்டக் கூடாது என்ற கட்டளை அவனுக்கு நல்லதுதான் என்பேன். “உடல்நலக் குறைவு காரணமாக” என்பதற்கு முன்னால் மூன்று பத்தி எழுதுகிறான். ஆனால் எதை எண்ணுகிறோம் என்று அவனிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:
இரவு பதினொன்றரை. ‘எழுத்து வரம்பு’க்கு ஐந்து பேர், ‘வரியுரு’வுக்கு இருவர், ‘எழுத்தெல்லை’க்குப் புலவர் ஐயா. முதலாவதை ஒப்படைத்துவிட்டேன். எண்ணிக்கைப் பெட்டியில் ‘மீதம் உள்ள எழுத்துகள்’ என்று இருக்கும். ‘எழுத்துக்கள்’ என்று எழுதினால் இரண்டு இடம் வீண்.

தமிழ்ப் புலவர் எழுதியது:
வல்லினம் மிகுமா மிகாதா என்பதை இடக் கணக்கா முடிவு செய்வது? விரிவாக நாளை எழுதுகிறேன்.