ஊருணிக் கரைக் குப்பையும் பேட்டரி வண்டி வசூலும்

அனுப்புநர்: தெற்குத் தெரு, ஷார்ஜா

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தின் செயலர் அம்மான் இந்தக் குழுவுக்கு அனுப்பிய வேண்டுகோளைப் படித்தேன். குப்பை அள்ளப் பேட்டரி வண்டி ஒன்றும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றும் வேண்டும், வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று எழுதியிருக்கிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், என் அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும்.

அம்மா முளைப்பாரிக்கு மதுரையிலிருந்து ஊருக்குப் போயிருந்தார். ஊருணியின் வடகரைப் படித்துறையில் கால் வைக்க இடமில்லையாம். அன்னதானத்துத் தட்டுகளும் தண்ணீர்க் கோப்பைகளும் மேல்படியில், உடைந்த மதுப்பாட்டில்கள் கீழ்ப்படியில், பிள்ளைகளுக்குக் கட்டிய டயப்பர்கள் தண்ணீரில் ஊறி உப்பி மிதக்கின்றன. காலையில் தெருத்தெருவாக அள்ளுவதைப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் கொட்டி, பொழுது சாய்ந்ததும் கொளுத்துகிறார்கள். கருகிய பிளாஸ்டிக் வாடை காலையில் வகுப்பறை வரைக்கும் நிற்கிறது என்று டீச்சரம்மா அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னாராம். அதே இடத்தில்தான் கொட்டகை போடப் போகிறார்கள்.

தபால்காரர் வீட்டுக் கறவை மாடு செத்துப்போனது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வயிற்றை அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் பைகள் உருண்டு திரண்டு கிடந்தன. சோறும் குழம்பும் மிஞ்சியதைப் பையோடு முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்குப் பையைப் பிரித்துச் சோற்றை மட்டும் எடுக்கத் தெரியாது. முதல் இரைப்பையில் தங்கிய பை வெளியே போகாது, செரிக்கவும் செரிக்காது. இரை எடுக்காமல் மாடு நாள்கணக்கில் மெலிந்து சாகிறது. அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பால் வருமானமும் அதோடு போயிற்று.

இதையெல்லாம் அள்ளுவது இரண்டே பெண் தூய்மைக் காவலர்கள். இருவரும் நம் வயல்களில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் 3,600 ரூபாயாக இருந்து, 2022-ல் அறிவித்த உயர்வுக்குப் பிறகு 5,000 ஆனது. கையுறை கிடையாது. டயப்பரையும் பாட்டில் சில்லையும் வெறும் கையால் பொறுக்குகிறார்கள். வண்டியைப் பற்றி எழுதிய கடிதத்தில் இந்த இருவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அம்மான்?

*

அனுப்புநர்: கணக்குப்பிள்ளை வீடு, சிங்கப்பூர்

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். முன்பு ஊர் அலங்கார வளைவுக்கு வசூலித்த பணத்தின் கணக்கு எங்கே? வளைவு நிற்கிறது, சரி. மிச்சம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது என்று பொதுக்குழுவில் ஒரு தாள்கூட வாசிக்கப்படவில்லை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கம் ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நம் சங்கம் கடைசியாக எப்போது தாக்கல் செய்தது என்பதைப் பொருளாளர் இந்தக் குழுவிலேயே எழுதட்டும்.

அடுத்து, யாருடைய பணம்? நம்மில் பாதிப் பேர் இப்போது இந்தியக் குடிமக்கள் அல்லர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், பிரிட்டன், கனடா கடவுச்சீட்டுக்கு மாறியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாத சங்கம் அதைத் தொடக் கூடாது. பதிவு பெற்றாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக்கு வந்துதான் மற்ற இடங்களுக்குப் போக முடியும். மச்சான் பேரில் அனுப்பி மச்சான் சங்கத்துக்கு மாற்றுகிற குறுக்குவழியை யாரும் யோசிக்க வேண்டாம். நாளை நோட்டீஸ் வந்தால் அலைவது ஊரில் இருக்கும் பொருளாளர்.

வண்டியின் விலையை மட்டும் எழுதியிருக்கிறார் அம்மான். ஓட்டுபவருக்குச் சம்பளம் யார் தருவது? சில ஆண்டுகளில் பேட்டரி மாற்ற வேண்டி வருமே, அதற்குப் பணம் எங்கே? இதற்கு விடை வராமல் என் வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வராது.

*

அனுப்புநர்: பெரிய வீடு, லண்டன்

இந்தக் குழுவில் சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள். ஊரின் அசிங்கத்தை இப்படிப் பொதுவில் விரித்துப் போட வேண்டுமா? அடுத்து பெண் எடுக்க வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?

சுற்றுப்பட்டில் எத்தனையோ ஊருணிகள் வற்றிய கோடையிலும் வற்றாமல் நின்றது நம்முடையது. செருப்போடு கரை ஏறியவரை, அவர் யாராக இருந்தாலும், என் ஐயா பெயர் சொல்லி நிறுத்திக் கழற்றச் சொல்வார். மாடு இறங்காமலிருக்க ஆண்டுதோறும் முள்வேலி புதுப்பிப்போம். வேட்டித் துணியில் வடிகட்டி, தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்து ஊற்றி வைத்தால், விடிவதற்குள் கலங்கல் அடியில் படிந்துவிடும். அந்தத் தண்ணீரில் வெந்த பருப்பின் ருசியை இங்கே எந்தக் கடைத் தண்ணீரிலும் நான் காணவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வாசலுக்கு வந்ததும் ஊருணியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. குடிக்கிற தண்ணீராக இருந்தால் எவன் அதில் டயப்பரைப் போடுவான்?

வண்டி, கொட்டகை இரண்டின் முழுச் செலவையும் நான் ஏற்கிறேன். யாரிடமும் கையேந்த வேண்டாம், அரசிடமும் வேண்டாம். கொட்டகையின் முகப்பில் ஐயாவின் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வளைவுக் கணக்கைத் தோண்டுகிறவர் பஸ் நிறுத்த நிழற்குடைக்குத் தன் வீட்டுப் பங்கைக் கொடுத்தாரா என்பதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

*

அனுப்புநர்: மேலத்தெரு, டொரண்டோ

பெரிய வீட்டு ஐயாவுக்கு வணக்கம். உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே எழுதுகிறேன்.

தை மாதம் உங்கள் பேத்தியின் காதணி விழா சிறப்பாக நடந்தது. பந்திக்கு விரித்த பிளாஸ்டிக் தாளும் தண்ணீர்க் கோப்பையும் அன்று இரவே டிராக்டரில் ஏற்றப்பட்டு எங்கள் தெருவின் கடைசியில் கொட்டப்பட்டன. மறுநாள் காற்றில் அத்தனையும் எங்கள் வாசலுக்கு வந்தது. என் அப்பா அந்த வயதில் குனிந்து குனிந்து சாக்கில் அள்ளினார். உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊர் மானம் பேசுகிறீர்கள், எங்கள் தெரு ஊரில் சேர்ந்ததில்லையா?

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்று செயலர் எழுதியிருக்கும் இடம் எங்கள் வீடுகளின் கொல்லைப்புறம். அதை எழுதாமல் விட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஊருணித் தண்ணீரின் ருசியைச் சொன்னீர்கள். அந்தப் படித்துறையில் எங்கள் தெருப் பெண்கள் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் காத்து நிற்க வேண்டியிருந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். குப்பை எங்கே போக வேண்டும் என்ற முடிவிலாவது இந்த முறை எங்களைக் கேளுங்கள். யார் பெயர் எழுதினாலும் அந்த இடத்தில் கொட்டகை வராது.

*

அனுப்புநர்: தெற்குத் தெரு, ஷார்ஜா

மேலத்தெரு அண்ணன் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. நான் சொல்ல வந்ததன் வேரும் அதில்தான் இருக்கிறது. ஊரில் சாதாரண நாளில் விழும் குப்பை, அந்த இரண்டு பெண்கள் அள்ளக்கூடிய அளவுதான். திணறடிப்பது விசேஷக் குப்பை. காதணி, கல்யாணம், கிரகப்பிரவேசம், அன்னதானம் என்று விடுமுறைக்கு வந்து செலவழிக்கிற நம் பணத்தில் குவிவது அது. நாம் விமானம் ஏறிவிடுகிறோம், ஊர் அதை முகர்ந்துகொண்டு கிடக்கிறது.

பந்தியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, தட்டு, தண்ணீர் பாக்கெட், எந்தத் தடிமனில் இருந்தாலும் பிளாஸ்டிக் தூக்குப்பை, இவையெல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தெருவில் வீசவும் எரிக்கவும் கூடாது என்கின்றன. அனுமதி பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாளுக்கு முன்பே ஊராட்சிக்குத் தெரிவித்து, சேரும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நடத்துபவரின் பொறுப்பு என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இதற்கு வசூல் தேவையில்லை. வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் போதும். சங்கத்தின் பணத்தில் ஐந்நூறு தம்ளர், வாளி, கரண்டி வாங்கி ஊர்ப் பொதுவில் வைத்தால், விசேஷ வீட்டார் எடுத்துப் போய்க் கழுவித் திருப்பித் தரலாம். வண்டி வாங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் அப்பத்தா காலத்தில் வீட்டுக்கு ஓர் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் அதில் விழும், ஆடியில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். மாடு குறைந்ததும் குழி தூர்ந்தது. இன்றும் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி மட்கக் கூடியதுதான். ஊராட்சி நிலத்தில் இரண்டு குழி வெட்டி மாற்றி மாற்றி நிரப்பி, சாணிப்பால் தெளித்து மூடினால் உரம். பாலும் சோறும் கட்டிய பைகளை அலசிக் காய வைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர், கண்டறிந்த முறையில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசித் தார் சேர்க்கிறார்கள். ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகிறது. பிவிசி வகைப் பிளாஸ்டிக் மட்டும் கலக்கக் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும். இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாம் எரிப்பதில் அதுவும் கலந்திருக்கிறது.

அரசிடம் கேட்பது கையேந்துவது ஆகாது, மாமா. தூய்மை பாரதம் கிராமப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் திடக்கழிவு வேலைக்கு ஆளுக்கு 60 ரூபாய் வரை உண்டு. பிளாஸ்டிக்கைக் கையாளும் கூடத்துக்கு ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் வரை உண்டு. நம்முடைய பங்கையும் சேர்க்க விரும்பினால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. ஆகவே ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். இடம் எது என்பதையும் அங்கேயே, மேலத்தெருவார் முன்னிலையில் பேச வேண்டும்.

மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை நீதிமன்றத் தலையீட்டால் 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஊருணிக் கரையில் கிடக்கும் பாட்டிலுக்கும் காசு கிடைக்கும் என்றால் அதை அங்கே யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

*

அனுப்புநர்: பெரிய வீடு, லண்டன்

இடத்தைச் சபை முடிவு செய்யட்டும். காதணி விழாக் குப்பையை அங்கே கொட்டச் சொன்னது யார் என்று மகனிடம் கேட்டிருக்கிறேன். மேலத்தெருப் பெரியவரிடம் நானே தொலைபேசியில் பேசுகிறேன், அது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். ஐயாவின் பெயர் விஷயத்தை நான் விடுவதாக இல்லை.

*

அனுப்புநர்: கணக்குப்பிள்ளை வீடு, சிங்கப்பூர்

நிழற்குடைக்குக் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன் மாமா.

செயலர் அம்மான், வண்டிக்கான வசூலை நிறுத்தி வையுங்கள். வளைவுக் கணக்கு, சங்கத்தின் கடைசித் தாக்கல், கடவுச்சீட்டு வாரியாக உறுப்பினர் பட்டியல் ஆகிய மூன்றும் கிராம சபைக்கு முன் இந்தக் குழுவுக்கு வர வேண்டும். பெரிய வீட்டு மாமாவின் தொகையும் அதுவரை அனுப்பப்பட வேண்டாம், அவர் இப்போது பிரிட்டிஷ் குடிமகன்.

கையுறைக்கும் காலணிக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் என் தம்பி காரைக்குடியில் தன் சொந்தப் பணத்தில் வாங்கி இந்த வாரமே அந்த இரண்டு பெண்களிடம் கொடுப்பான். அளவு தெரிந்தவர்கள் எழுதுங்கள்.