அமெரிக்க மதுவிலக்கு: முதலாளியின் கணக்கா, வீட்டுக் கவலையா?

செவ்வாய்ப்பேட்டை மாணவி:
வணக்கம். 1937 அக்டோபர் 1 அன்று நம் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்கைப் பற்றிக் கருத்தரங்குக் கட்டுரை எழுதுகிறேன். ஒப்பிடுவதற்காக அமெரிக்க வரலாற்றைப் புரட்டினால், 1826இல் பாஸ்டனில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கம் முதல் பாதிரியார்களும் வசதியானவர்களுமே முன்னால் நிற்கிறார்கள். குடிக்காத வேலையாள் வேண்டும் என்ற முதலாளியின் கணக்குதானா இது?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
கணக்கும் உண்டு, அம்மா. பட்டறையில் முதலாளியும் வேலையாளும் ஒன்றாகக் குடித்த வழக்கம் மறைந்து, மணியடித்தால் இயந்திரத்தின்முன் நிற்கவேண்டிய காலம் வந்தபோது, குடி என்பது தொழிலுக்கு நட்டமாயிற்று. 1851இல் மெய்ன் மாநிலத்தின் தடைச்சட்டத்துக்கு முன்னின்ற நீல் டௌ, தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தவர். ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். 1840இல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள், குடிக்கடையிலேயே உட்கார்ந்து இனிக் குடிப்பதில்லை என்று உறுதியெடுத்துச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களை எந்த முதலாளியும் ஏவவில்லை.

ஏற்காட்டுக்காரி:
நீங்கள் இருவரும் பெண்களை விட்டுவிட்டீர்கள். என் தாயார் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் பெண்கள் கணவன்மாருக்கு முன்பே அலுவலகப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பணம் முந்தானையில் முடியப்பட்டால்தான் அந்த வாரம் அரிசி. அன்றைய அமெரிக்க மனைவிக்கோ அந்த முந்தானை முடிச்சுக்குக்கூடச் சட்டத்தில் இடமில்லை, ஏனெனில் அவள் சம்பாதித்ததும் கணவனுடையதே. நியூயார்க் மாநிலம் 1848இல் அவளது சொத்தையும், 1860இல் அவளது கூலியையும் அவளுக்கே உரியதாக்கியது. குடிகாரக் கணவனைப் பற்றிப் பேசினால் சொத்துரிமை தானாக வந்து நிற்கும். 1852இல் ஆல்பனி மதுவிலக்குக் கூட்டத்தில், பெண்கள் கேட்க மட்டுமே வந்தவர்கள் என்று சொல்லப்பட்டபோது, பின்னாளில் பெண் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் ஆன்டனி வெளியேறினார். 1873 டிசம்பரில் ஒஹாயோவின் ஹில்ஸ்பரோ நகரப் பெண்கள், மதுக்கடை வாசல்களில் குளிரில் மண்டியிட்டுச் செபித்தார்கள். மறு ஆண்டே பெண்களின் கிறித்தவ மதுவிலக்குச் சங்கம் உருவானது. 1879இல் அதன் தலைமையேற்ற பிரான்சிஸ் வில்லார்ட், வீட்டைக் காக்க வாக்குரிமை வேண்டும் என்றார். இதை வெறும் ஒழுக்கப் பிரச்சாரம் என்று எழுதுபவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:
நன்றி, அக்கா. இங்கே இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்ததை மட்டும் எழுதி வைத்திருந்தேன். சேலத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பகுதியைத் திரும்ப எழுதப் போகிறேன்.