தென்னை அடித்தூரில் செம்பழுப்புச் சாறு: பக்கத்து மரங்களைக் காப்பது எப்படி?

பட்டினத்துத் தென்னை:
பெரியபட்டினம் பக்கம் வீட்டுத் தோட்டம், மணல் தரை, 32 நாட்டுத் தென்னை. வடக்கு ஓரத்தில் போன வருஷம் இரண்டு மரம் பட்டுப்போய் வெட்டியாயிற்று. தூர் மண்ணில்தான் கிடக்கிறது. இப்போது அதற்கடுத்த மரத்தில் தரையிலிருந்து இரண்டடி வரை சாறு வடிகிறது. அடிமட்டைகள் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன, குரும்பை கொட்டுகிறது, குருத்து மட்டும் பச்சை. பாசனம் வாய்க்கால் வழி, மரத்துக்கு மரம் பாய்கிறது. மருந்துக்கடையில் கூன்வண்டு என்கிறார்கள். சரிதானா?

மணல்தோப்பு:
கூன்வண்டாக இருந்தால் தண்டில் ஓட்டை தெரியும், அதன் வாயில் மென்று தள்ளிய நார் இருக்கும். அது இல்லாமல் அடித்தூரில் மட்டும் சாறு என்றால் அடித்தண்டழுகல், அதாவது தஞ்சாவூர் வாடல். 1952இல் தஞ்சை மாவட்டத்தில் முதலில் தென்பட்டதால் அந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூசணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. நலிந்த மரத்தில் பின்னால் பட்டைத் துளைப்பான் ஊசித்துளை போடும். அதைப் பார்த்துத்தான் பலர் வண்டு என்று முடிவு கட்டுகிறார்கள்.

உறுதி செய்ய வேரைத் தோண்டிப் பாருங்கள். தொட்டால் உதிர்கிற அழுகல் வேர் நிறைய இருந்தால் இதேதான். மழைக்குப் பிறகு தூரில் மேலே பளபளப்பாகச் செம்பழுப்பும் அடியில் வெள்ளையுமாகக் கெட்டிக் காளான் வந்தால் சந்தேகமே வேண்டாம். மேலே வாடல் தெரியும்போது கீழே வேரில் பெரும்பங்கு போயிருக்கும். அதனால் முதல் கவலை நோய் மரம் அல்ல, சுற்றியுள்ள நல்ல மரங்கள்.

இரண்டு பழைய தூரையும் வேரோடு பெயர்த்து அங்கேயே எரியுங்கள். விறகுக்கு என்று தோட்டத்துக்குள் இழுத்துப் போகாதீர்கள். நோய் மரத்தைச் சுற்றி ஐந்தடி தள்ளி, இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டுங்கள். நம் மணலில் கரை சரிந்து குழி தூர்ந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு வாரிவிட வேண்டும். வாய்க்கால் பாசனத்தை இன்றே நிறுத்துங்கள். ஒரு மரத்து நோயை அடுத்த மரத்துக்குச் சுமப்பதே அந்தத் தண்ணீர்தான். மரத்துக்கு ஒரு வட்டப்பாத்தி, தனித்தனியாகக் குழாய்.

உச்சிப்புளி உழவு:
மருந்துக் கணக்கு: ஹெக்சகோனசோல் என்ற பூசணக்கொல்லி 2 மில்லி, தண்ணீர் 100 மில்லி, வேர் வழியாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு மூன்று தடவை. பழைய துண்டறிக்கைகளில் டிரைடெமார்ப் இருக்கும். அது 2018இல் தடையானது, யாராவது மிச்சம் வைத்து விற்றாலும் வாங்காதீர்கள்.

தூரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளித் தோண்டி, பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றை எடுத்துச் சாய்வாக வெட்டி, மருந்துப் பைக்குள் நுனி அடிவரை போகும்படி விட்டுக் கட்டுங்கள். மறுநாளும் மருந்து குறையவில்லை என்றால் வேர் செத்தது, வேறு வேர் பாருங்கள். ஈர மண்ணில் உறிஞ்சாது, பாய்ச்சுவதற்கு முன்பே வையுங்கள். விளைந்த காய்களை முதலில் இறக்கிவிட்டு, அடுத்த பறிப்பை 45 நாள் தள்ளிப்போடுங்கள்.

கூடவே பூசணத்தைக் கொல்லும் ஒரு சத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர், ஐந்தடி வட்டத்துக்குள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 400 கிராமை 20 லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 400 கிராமை 20 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்துவிடும். பிளாஸ்டிக் வாளி மட்டும். கத்தியை முக்கி எடுத்தால் செம்புக்கறை படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலக்கிய அன்றே ஊற்றிவிடுங்கள்.

பட்டினத்துத் தென்னை:
நன்றி அண்ணே. டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தும் போடச் சொல்கிறார்களே, போர்டோவையும் அதையும் சேர்த்துச் செய்யலாமா? சாறு வடிகிற மரத்தை வெட்டிவிடவா?

மணல்தோப்பு:
சேர்க்கவே கூடாது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான், செம்பு அதையும் கொன்றுவிடும். போர்டோவை ஆவணியில் ஊற்றிவிட்டு, ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் மரத்துக்கு டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 200 கிராம், தொழு உரம் 50 கிலோவோடு கலந்து பாத்தியில் போட்டு மூடுங்கள். வேப்பம்புண்ணாக்கு 5 கிலோவும் அப்போதே. காய்ந்த மணலில் தூவினால் காசு வெயிலில் போகும்.

வாழை ஊடுபயிர் வைத்தால் நோய் குறையும் என்பார்கள். நல்ல தண்ணீர் உள்ள ஊருக்குச் சரி. உங்கள் கிணறு உப்புக் கரித்தால் வாழை நிற்காது. பாத்திக்கு 50 கிராம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கும்போது மண்ணில் மடக்கிவிடுங்கள், அது உவரைத் தாங்கும். தூரில் கல்லுப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். இந்த மண்ணில் ஏற்கெனவே உப்பு போதும்.

சாறு இரண்டடிதான், குருத்து பச்சை என்பதால் மூன்று தவணை மருந்து பார்க்கலாம். வாரம் ஒருமுறை சாறு ஏறிய உயரத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, காளான் வந்தாலோ, குருத்து சிறுத்தாலோ வெட்டித் தூரைப் பெயர்த்துவிடுங்கள்.

உச்சிப்புளி உழவு:
ஒன்று விட்டுப்போச்சு. நோய் மரத்தில் தோண்டிய மண்வெட்டியைக் கழுவாமல் நல்ல மரத்தின் பாத்தியில் இறக்காதீர்கள். வேலையை நல்ல மரங்களில் தொடங்கி நோய் மரத்தில் முடியுங்கள்.