ஜாக்கெட் தைத்த கை, ஷூ லைனுக்கு வரும்போது

ஷூ ஃபேக்டரியில் புதிதாகச் சேருகிறவருக்குத் தையலை எப்படிக் கற்றுக்கொடுப்பது? வேலையில் இருக்கும் மூன்று பேர் சொல்வது:

ஆம்பூர், க்ளோசிங் லைன்
முப்பது வயதுக்கு மேல் க்ளோசிங்கில், அதாவது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில், சேருகிறவர்களில் பலர் வீட்டில் ஜாக்கெட் தைத்தவர்கள். அந்தப் பழக்கம் பாதி உதவி, பாதி தொல்லை. துணியில் கோணல் விழுந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்துத் தைத்தால் ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஓட்டை விழும். லாஸ்டிங்கில், அதாவது கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும்போது, அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தபால்தலை மாதிரி கிழிந்து வரும்.

இன்னொன்று, பீஸைக் கையால் இழுத்துக் கொடுப்பது. போஸ்ட் பெட் மிஷினில் (தூண் மாதிரி உயர்ந்த மேடை உள்ள தையல் மிஷின்) சக்கரமே இழுத்துக்கொள்ளும், கை திருப்பத்தான். இழுத்தால் தையல் நீளம் மாறும், ஊசி வளைந்து முறியும்.

அதனால் முதலில் நூல் கோக்கவே கூடாது. காகிதத்தில் நேர்கோடு, வளைவு, மூலை என்று வரைந்து ஓட்ட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டைகளின் இடைவெளி அப்படியே தெரியும். மூலையில் ஊசி கீழே போய் லேசாக மேலே கிளம்பும் நேரத்தில் நிறுத்தி, முழங்காலால் பிரஷர் ஃபுட்டை (தோலை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கித் திருப்பணும். முழுக்க அடியில் நிறுத்தித் திருப்பினால் அந்த இடத்தில் ஒரு தையல் விட்டுப்போகும். அடுத்து தோல் வெட்டுத் துண்டில், விளிம்பிலிருந்து 1.5 மில்லிமீட்டர் விட்டு. பிறகு லைனிங். அப்பர் கடைசி.

பேரணாம்பட்டு, ஸ்கைவிங் (தோல் விளிம்பைச் சீவி மெலிதாக்கும் வேலை)
அக்கா சொன்ன வரிசை சரி. ஆனால் தையல் கோணலுக்குப் பல நேரம் எங்கள் மேஜைதான் காரணம். மடிக்கிற விளிம்பை 1.2 மில்லிமீட்டர் தோலில் ஏறக்குறைய பாதியாகச் சீவணும். தடிப்பாக விட்டால் மடிப்பு மேடாகி, பிரஷர் ஃபுட் சரியும். அதிகம் சீவினால் மடிக்கும்போதே பிய்யும். புது ஆளுக்குச் சீவுவதற்கு முன் கத்தி தீட்டக் கற்றுக்கொடுங்கள். மழுங்கின கத்தி தோலைச் சீவாது, சுருட்டி உள்ளே இழுக்கும்.

ராணிப்பேட்டை, லைன் சூப்பர்வைசர்


வேகமான டெய்லர் பக்கத்தில் உட்காரவைத்தால் தானாக வந்துவிடும் என்பது நம்மைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம். பத்து வருடம் தைத்தவருக்கு இடது கை விரல் என்ன செய்கிறது என்று அவருக்கே சொல்ல வராது. ஐந்து பீஸ் மெதுவாகத் தைக்கச் சொல்லி, பீஸை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிஜெக்ட் பீஸைச் சாயங்காலம் கூடையோடு காட்டிப் பயனில்லை; எதை எப்படித் தைத்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும். தைத்த உடனே நல்ல பீஸ் ஒன்றின் பக்கத்தில் வைக்கணும். டார்கெட் பிறகு. முதலிலேயே எண்ணிக்கை கேட்டால் மூலையில் நிற்காமல் வளைத்துக்கொண்டு போகப் பழகுவார்கள், அதை மாற்றுவது பெரும்பாடு.

ஆம்பூர், க்ளோசிங் லைன்
நூல் இறுக்கத்தையும் முதல் வாரமே காட்டிவிடுங்கண்ணா. பாபின் கேஸை (அடிநூல் உருளை இருக்கும் கூடு) நூலில் தொங்கவிட்டால் நிற்கணும், லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கணும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் புது ஆள் பாபினைத்தான் திருகப் போவார். தளர்ந்திருப்பது மேல்நூல்.